கொக்கி கட்டிடத்தின் கடமை

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடைவீதியின் முகம் மாறிவிட்டது. நாட்டு ஓடும் மரத்தூணுமாக இருந்த வரிசைகளில் மூன்று மாடி, நான்கு மாடி ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் மருத்துவமனைகளும் எழுந்துவிட்டன. முகப்பில் பாதி கண்ணாடி, மீதி ஏசிபி ஷீட். மலையடிவாரக் காற்று கொண்டுவரும் புழுதி அதில் படிகிறது. தீபாவளிக்கு முன்பும் பொங்கலுக்கு முன்பும் அதைத் துடைக்கவோ, பக்கச் சுவர்களுக்குப் பெயிண்ட் அடிக்கவோ ஆள் வருகிறார்கள். பெரும்பாலும் இரண்டு பேர், மிஞ்சினால் நான்கு பேர். ஒரு நைலான் கயிறு, உட்கார ஒரு பலகை, ஒரு வாளி. சிலரிடம் இடுப்பு பெல்ட் இருக்கும்.

விபத்து நடந்தால் எல்லோரும் அந்த பெல்ட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். போட்டிருந்தாரா, இல்லையா? கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. கயிற்றின் மறுமுனை எதில் கட்டப்பட்டிருந்தது? பெல்ட் தொழிலாளியின் உடம்பில் இருக்கிறது, மறுமுனையோ கட்டிடத்தில் இருக்கிறது. அந்தப் பிடிமானத்தை உருவாக்கவும் சோதிக்கவும் அதன் வலிமையை எழுத்தில் உறுதி செய்யவும் கட்டிடத்தின் சொந்தக்காரரால் மட்டுமே முடியும். அந்தப் பொறுப்பைச் சொந்தக்காரர் மேல் வைக்காத எந்தப் பாதுகாப்பு விதியும் பாதி விதிதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கைப்பிடிச் சுவர் எவ்வளவு தாங்கும்?

மொட்டை மாடியில் கயிறு கட்டக் கிடைப்பவை சில பொருள்களே: கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டியின் தூண், மாடிப்படி அறையின் மூலை, ஏசி நிற்கும் இரும்புச் சட்டம், சோலார் பேனலின் கால், குழாய். இவற்றில் தொழிலாளி அதிகம் நம்புவது கைப்பிடிச் சுவரைத்தான். அது ஓரத்திலேயே இருக்கிறது, தட்டினால் கெட்டியாகவும் தெரிகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர்களில் வழக்கமான கைப்பிடிச் சுவர் நாலரை அங்குலக் கனம், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். ஒரு மீட்டர் நீளச் சுவரின் எடை சுமார் 220 கிலோ. அந்த எடை மட்டுமே அதை நிற்க வைத்திருக்கிறது என்று கொண்டால், உச்சியில் வெளிப்பக்கமாக 13 கிலோ அளவுக்கு இழுத்தாலே அந்தப் பகுதி கவிழும். கலவையின் பிடிப்பும் இடையிடையே வரும் கான்கிரீட் தூண்களும் இந்த அளவைச் சில மடங்கு கூட்டும். ஆனால் வெயிலிலும் மழையிலும் இருபது ஆண்டு நின்ற சுவரின் அடியில் கலவை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைப் பூச்சுக்கு மேலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

கயிறு நேராகக் கீழே தொங்கும்போது சுவரை வெளியே இழுக்கும் விசை குறைவு. சன்ஷேடு வந்தால் நிலைமை மாறுகிறது. சுவர் உச்சியிலிருந்து ஒன்றரை மீட்டர் கீழே, இரண்டடி நீட்டிய சன்ஷேடின் விளிம்பில் கயிறு படிந்து இறங்கினால், 80 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் தொங்கினாலே சுவர் உச்சியில் 30 கிலோ வரை பக்கவாட்டு இழுப்பு விழும். அவர் காலால் சுவரை உந்தித் தள்ளி நகர்ந்தால் இழுப்பு இன்னும் கூடும். அந்த விளிம்பே கயிற்றை அறுக்கவும் செய்யும். சாக்கு மடித்து விளிம்பில் வைக்கும் வழக்கம் நல்ல வழக்கம்தான். அது கயிற்றைக் காக்குமே தவிர, சுவரைக் காக்காது.

அடுத்து, மாடித் தளத்திலேயே துளை போட்டு போல்ட் இறக்கும் வேலை. தமிழ்நாட்டின் பல மொட்டை மாடிகளில் நாம் மிதிப்பது கான்கிரீட் அல்ல. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்றங்குலம் வரை போட்ட தளம், அதன் மேல் தட்டோடு. கான்கிரீட் பலகை அதற்கும் கீழே இருக்கிறது. நான்கங்குல போல்ட்டை மேலிருந்து இறக்கினால் அதன் பெரும்பகுதி சுண்ணாம்பு ஜல்லியில்தான் நிற்கும். வெளியே தெரியும் வளையம் பளபளப்பாக, உறுதியாகத் தோன்றும். உள்ளே அதற்குப் பிடிப்பு இருக்காது. தொழிலாளியைப் பொய்யாக நம்ப வைக்கிறது என்பதால், கொக்கியே இல்லாத மாடியைவிட இத்தகைய கொக்கி உள்ள மாடி ஆபத்தானது.

80 கிலோ மனிதருக்கு ஏன் 2,268 கிலோ?

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, கயிற்றில் இறங்கி வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஆங்கர் கொக்கி எந்தத் திசையில் இழுத்தாலும் குறைந்தது 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ, தாங்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவின் இஎன் 795 தரநிலையில் ஒருவருக்கான உலோக ஆங்கர், சோதனைக்கூடத்தில் 12 கிலோநியூட்டன் விசையை மூன்று நிமிடம் தாங்கிக் காட்ட வேண்டும். அது ஏறத்தாழ 1,220 கிலோ. தொங்குபவரின் எடையோ 80 கிலோ. இந்த இடைவெளியைப் பார்த்து, நம் கட்டிடக்காரர்கள் இதை வெளிநாட்டு ஆடம்பரம் என்று எண்ணிவிடக் கூடாது.

தொங்குவது வேறு, விழுந்து நிற்பது வேறு. கயிற்றில் இரண்டு மீட்டர் தளர்ச்சி இருக்கும்போது ஒருவர் தவறினால், கயிறு விறைக்கும் நொடியில் அவர் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருப்பார். அந்த இரண்டு மீட்டரைக் கடக்க ஒரு விநாடிகூட ஆவதில்லை. கையால் எதையும் பிடிக்க நேரமில்லை. விறைத்த கயிறு பத்து சென்டிமீட்டருக்குள் அவரை நிறுத்தினால், கொக்கியிலும் அவர் உடம்பிலும் விழும் சராசரி விசை 1,680 கிலோ. மடித்துத் தைத்த பட்டை கிழிந்து நீளும் அதிர்வு தாங்கி ஒன்று நடுவில் இருந்து, அதே வீழ்ச்சியை ஒரு மீட்டர் நீளத்தில் நிறுத்தினால் சராசரி விசை 240 கிலோவாக இறங்குகிறது. உயிரோடு இருப்பதற்கும் முதுகெலும்பு முறிவதற்கும் நடுவே இருப்பது அந்த ஒரு மீட்டர் பட்டை. இடுப்பு பெல்ட் இந்த விசை முழுவதையும் வயிற்றிலும் இடுப்பெலும்பிலும் இறக்குகிறது. அதனால்தான் விழுபவரைத் தாங்கும் கருவியாக இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998 ஜனவரி 1 முதல் தடை செய்தது. தோள், மார்பு, தொடை மூன்றையும் சுற்றும் முழு உடல் ஹார்னஸ்தான் சரியானது. நம் நாட்டில் இதற்கு ஐஎஸ் 3521 என்ற தரநிலை இருக்கிறது. வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்து வாங்கலாம்.

இரண்டு தூண்களுக்கு நடுவே கயிற்றைக் கிடையாக இழுத்துக் கட்டி அதில் கொளுவிக்கொள்ளும் முறையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எவ்வளவு விறைப்பாகக் கட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்றுதான் தோன்றும். உண்மை நேர் எதிர். நடுவில் பாரம் விழும்போது கயிறு கிடைமட்டத்திலிருந்து ஐந்து பாகை மட்டுமே தாழ்ந்தால், இரு முனைகளிலும் அந்தப் பாரத்தைப் போல 5.7 மடங்கு இழுப்பு வரும். 240 கிலோ பாரம், ஒவ்வொரு தூணிலும் 1,370 கிலோ ஆகிவிடும். தண்ணீர்த் தொட்டித் தூணை வடிவமைத்த பொறியாளர் மேலிருந்து கீழே இறங்கும் தண்ணீரின் எடைக்குத்தான் அதைக் கணக்கிட்டிருப்பார், இந்தப் பக்கவாட்டு இழுப்புக்கு அல்ல.

கோபுரமும் மில்லும்

உயரத்தில் பராமரிப்பு வேலை என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் பதினோரு நிலைகளோடு ஏறத்தாழ 192 அடி உயரம் நிற்கிறது. தமிழ்நாடு அரசின் சின்னத்தில் உள்ள கோபுரம் இதுவே என்று பரவலாகக் கொள்ளப்படுகிறது. கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்பது மரபு. கோபுரம் மேலே போகப் போகக் குறுகி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு விளிம்பு விட்டு எழுகிறது. நிலைதோறும் நடுவில் வாசல், உள்ளே ஏறிச் செல்ல வழி. சாரம் கட்டுபவருக்குத் தரையிலிருந்து உச்சிவரை நிலைக்கு நிலை கால் வைக்கவும் கட்டவும் இடம் கிடைக்கிறது. அந்த வடிவம் பாதுகாப்பை முன்னிட்டுத்தான் அமைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால், திரும்பத் திரும்ப மனிதர்கள் ஏறிப் பழுது பார்க்க வேண்டிய கட்டிடம் இது என்ற எண்ணம் அந்த மரபில் உறுதியாக இருக்கிறது. பழுது பார்க்கும் காலம்கூட முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய கண்ணாடி முகப்பு திறப்பு விழாவை மட்டும் மனத்தில் வைத்து எழுப்பப்படுகிறது. அடுத்த ஆண்டு அதை யார், எதில் தொங்கித் துடைப்பார் என்ற கேள்வி வரைபடத்தில் இடம்பெறுவதில்லை.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் வேறொரு வகை உயரம். 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது முதல் இது நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணித் தொழில். பழைய ஆலைக் கூரைகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், வெளிச்சத்துக்காக இடையிடையே கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஷீட். பஞ்சுத் தூசி மழைநீர்க் கால்வாயை அடைப்பதால் ஐப்பசி மழைக்கு முன் யாராவது கூரைமேல் ஏறித்தான் ஆக வேண்டும். இங்கே ஆபத்து ஓரத்தில் மட்டும் இல்லை, காலடியிலும் இருக்கிறது. வெயிலில் நொறுங்கும் தன்மை ஏறிய ஷீட் ஒரு மனிதரின் எடைக்கு முன்னறிவிப்பின்றி உடையும். போல்ட் வரிசையை ஒட்டி நடந்தால் உடையாது என்ற நம்பிக்கை தொழிலாளர்களிடம் உண்டு. கீழே இரும்புச் சட்டம் இருப்பதால் அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஓரடி தவறினால் அது கைவிட்டுவிடும். எடையைப் பரப்பும் நடைபலகை, உச்சிவரம்பு நெடுக இரும்புக் கைமரத்தோடு பிணைத்த, விழுபவரைப் பிடிக்கும் உயிர்க்கயிறு என இரண்டும் சேர்ந்தே இங்கு பாதுகாப்பு தரும். ஷீட்டில் எதையும் கட்டக் கூடாது, சட்டத்தில்தான் கட்ட வேண்டும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் பேனல் அமைப்பதை இலக்காக வைத்தது. பேனலுக்குப் புழுதி ஆகாது. கழுவினால்தான் மின்சாரம் குறையாது. ஆகவே இனி மாடி விளிம்பில் நிற்பவர் கூலித் தொழிலாளி மட்டும் அல்ல. வீட்டுக்காரரும் அவர் பிள்ளைகளும் நிற்பார்கள்.

சட்டத்தில் இருப்பதும் விடுபடுவதும்

இந்தியாவில் இதற்குச் சட்டமே இல்லை என்று சொல்வது தவறு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, விழ வாய்ப்புள்ள உயரத்தில் ஒருவர் வேலை செய்ய நேர்ந்தால் தடுப்போ வேறு ஏற்பாடோ செய்து அவர் பாதுகாப்பை உறுதி செய்யச் சொன்னது. 1996-இல் வந்த கட்டிடத் தொழிலாளர் சட்டம் கட்டுமானத்தோடு பழுதுபார்ப்பையும் பராமரிப்பையும் தன் வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது. அதன்கீழ் 1998-இல் வந்த மத்திய விதிகள் கட்டிடக் கலைஞருக்கும் பொறியாளருக்கும் ஒரு கடமையை வைத்தன: பின்னாளில் பராமரிப்பின்போது சிறப்பு வகை ஆபத்து வரக்கூடிய கட்டிடமானால், அதை வடிவமைக்கும்போதே கருத்தில் கொள்ள வேண்டும். மாடிக் கொக்கிக்கு இதைவிடத் தெளிவான சட்ட அடிப்படை தேவையில்லை. இந்தச் சட்டங்களை உள்ளடக்கிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டிடக் கலைஞரின் கடமை அதிலும் தொடர்கிறது.

அப்படியானால் ஓட்டை எங்கே? இரண்டு எண்களில்.

முதல் எண் பத்து. 1996 சட்டம் பத்துத் தொழிலாளர் இருக்கும் நிறுவனத்திலிருந்துதான் தொடங்கியது, புதிய தொகுப்பும் பொதுவாக அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் ஊரில் கண்ணாடி துடைக்கவும் பெயிண்ட் அடிக்கவும் வருபவர்கள் இரண்டு மூன்று பேர். மிகவும் ஆபத்தான வேலையை மிகச் சிறிய குழுவே செய்வதால், சட்டத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் அவர்களைத் தொடுவதில்லை.

இரண்டாவது எண் 18.30. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில் 18.30 மீட்டருக்கு மேற்பட்டவையே உயரமான கட்டிடங்கள். கூடுதல் ஆய்வும் நிபந்தனைகளும் அவற்றுக்குத்தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதிகளில் அந்த உயரத்தை எட்டும் கட்டிடங்கள் அரிது. ஆனால் பத்து மீட்டரிலிருந்து விழுபவரின் உயிருக்கு இந்த எல்லைக்கோடு எந்த உதவியும் செய்யாது. பெருநகரத்து வானளாவிகளில் கோண்டோலா எனும் தொங்குமேடையும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்கிறார்கள். ஆபத்து இடம்பெயர்ந்து நடுத்தர ஊர்களின் நான்கு மாடிக் கட்டிடங்களில் வந்து தங்கிவிட்டது.

விபத்து நடந்த பிறகு வரும் சட்டங்கள் உண்டு. காவல்துறை கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் பதியலாம். 1994-இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை வரும். இவை தேவையானவை, ஆனால் கயிற்றின் மறுமுனையை இவை பிடிப்பதில்லை.

மற்ற நாடுகள் எப்படித் தீர்த்தன?

அமெரிக்காவிலும் நீண்ட காலம் இதே குழப்பம் இருந்தது. துப்புரவு நிறுவனத்துக்குக் கட்டிடத்தின் உள்ளமைப்பு தெரியாது. கட்டிடக்காரருக்குத் தொழிலாளி எதில் கட்டுகிறார் என்ற கவலை இல்லை. 2016 நவம்பரில் வெளியான விதி இந்த முடிச்சை அவிழ்த்தது. ஒவ்வொரு கொக்கியும் அடையாளமிடப்பட்டு, சோதிக்கப்பட்டு, சான்றளிக்கப்பட்டது என்று கட்டிட உரிமையாளர் வேலைக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். தகுதி பெற்றவர் ஆண்டுதோறும் அதைப் பார்வையிட வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி சான்று பெற வேண்டும். அந்தக் கடிதம் கையில் வராமல் ஒப்பந்தக்காரர் தன் ஆளைக் கயிற்றில் இறக்கக் கூடாது. விதியின் உயிர் இந்த ஒற்றைக் கடிதத்தில் இருக்கிறது. அது பொறுப்பை ஒரு பெயரோடும் ஒரு கையெழுத்தோடும் கட்டிவிடுகிறது.

தென்மாவட்ட இளைஞர்கள் பலருக்குச் சிங்கப்பூரின் வழி நேரடி அனுபவம். 2013 மே முதல் அங்கே, மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு எழுத்து அனுமதி வேண்டும். 2016 ஆகஸ்ட் முதல், ஒரு கோடி சிங்கப்பூர் டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானங்களில் பின்னாளைய பராமரிப்பின் ஆபத்தையும் வடிவமைப்பிலேயே குறைக்க வேண்டும். 2022 முதல், இருபது ஆண்டைக் கடந்த, 13 மீட்டருக்கு மேற்பட்ட கட்டிடங்களின் முகப்பை ஏழாண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும். 13 மீட்டர் என்பது நம் கடைவீதியின் நான்கு மாடி. அங்கே ஹார்னஸ் இல்லாமல் ஏற மறுக்கப் பழகிய அதே தொழிலாளி, ஊருக்குத் திரும்பினால் கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டுகிறார். அவர் கற்றதை மறக்கவில்லை. கற்றதைப் பயன்படுத்த நம் மாடியில் அவருக்கு இடமில்லை.

இந்த இரண்டு ஊர்களில் செய்யக்கூடியது

முதலில், உயரத்தில் ஏறாமல் முடியும் வேலையை ஏறாமலே முடிக்க வேண்டும். மூன்று மாடிவரையிலான கண்ணாடியைத் தரையில் நின்றபடி, தண்ணீர் பாயும் நீளக் கம்புத் தூரிகையால் கழுவ முடியும். பெயிண்ட் வேலைக்குச் சரியாகக் கட்டிய சாரம் கயிற்றைவிட நல்லது.

இரண்டாவது, கொக்கி. புதிய கட்டிடமானால், மேல் தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன், உத்தரத்தின் மேல் யூ வடிவக் கம்பியை உள்கம்பிகளோடு பிணைத்துவிட வேண்டும். துருப்பிடிக்காத எஃகு அல்லது துத்தநாகம் பூசிய கம்பி, பொறியாளர் கணக்கிட்ட கனம். ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி, முகப்பு நெடுக, ஒருவர் பக்கவாட்டில் ஊசலாடாத இடைவெளியில் அவை வர வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு: ஒன்று வேலைக் கயிற்றுக்கு, இன்னொன்று உயிர்க்கயிற்றுக்கு. உலகெங்கும் கயிற்றுத் தொழிலில் ஏற்கப்பட்ட அடிப்படை இதுவே: இரண்டு கயிறு, தனித்தனிப் பிடிமானம். முழுக் கட்டிடத்தின் செலவில் இது பொருட்படுத்த வேண்டாத தொகை.

பழைய கட்டிடமானால், தட்டோட்டையும் ஜல்லித் தளத்தையும் அகற்றிக் கான்கிரீட்டை எட்டிய பிறகே துளை. கெமிக்கல் ஆங்கர் போடும்போது துளைக்குள் தூசி மிஞ்சினால் பசை தூசியைப் பிடிக்குமே அன்றி கான்கிரீட்டைப் பிடிக்காது. தூரிகை விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்வது வேலையின் பாதி. பிறகு கருவி வைத்து இழுத்துச் சோதித்து, எண், தாங்கும் அளவு, அடுத்த சோதனைத் தேதி மூன்றையும் தகட்டில் தமிழில் பொறித்துக் கொக்கியருகே பதிக்க வேண்டும். தேதி கடந்த கொக்கியைக் கொக்கியாகக் கருதக் கூடாது.

மூன்றாவது, மீட்பு. கொக்கி தாங்கி, ஹார்னஸும் பிடித்து, ஒருவர் மயங்கி அந்தரத்தில் தொங்கினால் அவரை யார் இறக்குவது? தொடைப் பட்டை அழுத்த, கால்களில் ரத்தம் தேங்கி, நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருப்பது திட்டம் ஆகாது. மாடியில் ஒருவர், இறக்கும் கயிறு, முன்பே செய்து பார்த்த பழக்கம், இவை மூன்றும் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. ஆடியில் மலையைத் தாண்டி இறங்கும் காற்றை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆடிப்பூரத் தேருக்கு முன் கடை முகப்பு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று விரும்பும் முதலாளி, வேலையை ஆடிக்கு முன்பே, காற்று அடங்கிய காலைகளில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்று எழுந்தால் வேலையை நிறுத்துவதும், அன்றைய கூலி குறையாமல் இருப்பதும் வேலை பேசும்போதே முடிவாக வேண்டும்.

இவை தனிமனிதர்களின் நல்லெண்ணத்தால் மட்டும் நிலைக்காது. 2003-இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதுவரை பெரும்பாலோர் கவனிக்காத ஒரு குழாயும் குழியும் வீட்டு வரைபடத்தின் பகுதியாயின. அதே வழியில், மூன்று மாடிக்கு மேற்பட்ட வணிகக் கட்டிடங்களின் வரைபடத்தில் கொக்கி இருக்கும் இடங்களைக் காட்டாமல் அனுமதி இல்லை என்று விதி வரலாம். மாநில விதி வரும்வரை வணிகர் சங்கங்களும் பொறியாளர் சங்கங்களும் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பக்கக் கடிதம் போதும்: என் மாடியில் இத்தனை கொக்கிகள், இன்ன தேதியில் இன்ன பொறியாளர் சோதித்தார், இவ்வளவு தாங்கும், இதற்கு நான் பொறுப்பு. அந்தக் கடிதம் இல்லாத மாடிக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்று ஒப்பந்தக்காரர்கள் சேர்ந்து முடிவெடுத்தால், பத்துப் பேர் என்ற எல்லைக்கோடு தானாகவே பொருளற்றுப் போகும். ஏனெனில் அப்போது பாதுகாப்பு தொழிலாளரின் எண்ணிக்கையைச் சார்ந்து நிற்காது, கட்டிடத்தைச் சார்ந்து நிற்கும்.

மொட்டை மாடியில் எது தாங்கும் என்று ஊகிக்கும் வேலையைக் கூலிக்கு வந்த மனிதரிடம் விடுவது அநீதி. அவர் கட்டிடத்தை முதல்முறையாகப் பார்க்கிறார், அரைமணி நேரத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. கட்டியவரிடம் வரைபடம் இருக்கிறது, பொறியாளர் இருக்கிறார், பணமும் காலமும் இருக்கின்றன. தெரிந்துகொள்ள வசதி உள்ளவரே பொறுப்பேற்க வேண்டும். அடுத்து எழும் ஒவ்வொரு மாடியிலும் கான்கிரீட் கொட்டும் முன் அதைத் தொடங்கிவிடலாம்.